கூட்டுப்புழுவுக்கு இரண்டு காவல்

தன் எலுமிச்சை மரத்தில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழு மிக அபூர்வமான வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது என்று ஆராய்ச்சிக்காரி இளவேனில் சொன்னதும் சவரிமுத்து மரத்துக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"பத்து நாள் மரத்தத் தொடாதீங்கண்ணே, போதும்."

"போன வருஷம் கொக்கு பாக்கத்தாம்மா வந்தாங்க. இப்ப அந்த எடமே சரணாலயமாம்; என் மச்சான் அவன் தோட்டத்துக்குள்ள போறதுக்கே அனுமதிச் சீட்டு வாங்குறான்."

அவள் நாற்காலி போட்டுப் புழுவைக் காத்தாள். அவர் எதிரே கட்டிலைப் போட்டு அவளைக் காத்தார். அவள் நோட்டில் எதையாவது எழுதினால், சர்வே எண்ணோ என்று எட்டிப் பார்த்தார். அவர் மடியைத் தடவினால் பூச்சிமருந்தோ என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எட்டாம் நாள் காலையில், "என்னம்மா எழுதுற?", "மடியில என்னண்ணே?" என்று ஆரம்பித்த சண்டை உச்சிவெயிலில்தான் ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தால், கிளையில் முதுகு பிளந்த வெறுங்கூடு.

இளவேனிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முட்ட வைக்க இந்த மரத்துக்குத்தான் திரும்பி வரும்ணே. இன்னும் ஒரு மாசம் இருந்து பாக்குறேன்."

சவரிமுத்து நிதானமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுப்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய், தலகாணிய எடுத்துட்டு வா. ஆரம்பிச்சுட்டாங்க!"