மேல்தளத்தில் அரை மணி

இரண்டு ஜோடி கையுறை போட்டும் எட்டாம் நிமிடத்தில் விரல் வெளுத்துவிட்டது.

நேற்று ஒரே ஜோடி. பதினொரு நிமிடம் தாங்கியது.

கனம் கூடினால் நேரமும் கூட வேண்டும். குறைந்திருக்கிறது.

அவள் மோதிர விரலைக் கிள்ளிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ கிள்ளியது போலிருந்தது.

சுற்றிலும் இறால் பெட்டிகள். சுவரில் தொங்கிய வெப்பமானி ஐந்து டிகிரி காட்டியது. கதவுக்கு வெளியே தூத்துக்குடி, மே மாதம், முப்பத்தெட்டு டிகிரி.

கொழுந்தன் மனைவி ஜெசிந்தா இந்த மீன் கம்பெனியில் சூப்பர்வைசர். நார்வே அளவுக்குக் குளிருகிற இடம் ஊரில் இது ஒன்றுதான் என்று சொல்லி, சாப்பாட்டு வேளையில் அறையைத் திறந்துவிட்டவள் அவள்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா லேபிள் ஒட்டி ஏத்திருவானுவ, அக்கா."

தேவை முப்பது நிமிடம்.

மகன் டெரன்ஸ் கப்பலில் ரொட்டி சுடுகிறான். ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஜூனில் ஏழு நாள் பயணத்துக்கு அவளுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறான். ஆனால் ஊழியர்கள் பயணிகளின் அறைக்குள் வரக் கூடாது. அவர்களோடு மேசையில் உட்காரக் கூடாது. காலையில் வேலை முடிந்ததும் அரை மணி நேரம், திறந்த மேல்தளத்தில் நின்று பேசலாம்.

கப்பல் போகிற நார்வே கடலில் கோடையிலும் ஐந்து டிகிரி, ஆறு டிகிரி.

குளிர் பட்டால் விரல் வெளுக்கும் கோளாறு அவளுக்குப் பத்து வருடமாக உண்டு. வெளுத்த உடனே உள்ளே போய்விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நின்றுகொண்டே இருந்தால் நுனி கறுக்கும்.

எட்டு நிமிடம் வீதம் ஏழு நாள். எல்லாம் சேர்த்தும் ஒரு மணி நேரம் ஆகாது.

வீட்டில், கட்டில் மேல் பெட்டி திறந்தே கிடந்தது. டெரன்ஸ் போனில் அனுப்பிய பட்டியலில் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. கையுறையை மட்டும் அவளால் வைக்க முடியவில்லை.

ஒன்றைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தாள்.

கம்பளி சூடு தராது. உடம்பு அனுப்புகிற சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். அதைப் பிடித்து வைப்பதும் நூல் இல்லை, நூலுக்கு இடையில் நிற்கிற காற்று. இரண்டு ஜோடியை மாட்டியபோது விரல் இறுகிவிட்டது. காற்றுக்கு இடமில்லை. ரத்தத்துக்கும் இல்லை.

எட்டு ஏன் என்பது புரிந்தது.

பதினொன்று ஏன் முப்பது ஆகவில்லை என்பது புரியவில்லை.

மூன்றாம் நாள், தொளதொளவென்று ஒரு பெரிய கையுறை. பன்னிரண்டு நிமிடம்.

அவள் வெளியே போகத் திரும்பியபோது ஜெசிந்தா பேனாவோடு உள்ளே வந்தாள். ஒவ்வொரு பெட்டியாக எண்ணைச் சரிபார்த்து எழுதினாள். வெளியே போனவள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது நிமிடம் ஆனது. ஜெசிந்தாவின் நகங்கள் சிவப்பாகவே இருந்தன. கையுறை இல்லை.

"கைக்கு ஒண்ணும் போடலியா?"

"கையில போட்டா பேனா பிடிக்க முடியாதுல்லா. அதான் இங்க போட்டிருக்கேன்."

ஜெசிந்தா வெள்ளைக் கோட்டை விலக்கி நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, கையில்லாத தடித்த சட்டை.

அதைப் பார்த்தவளுக்கு நெஞ்சில் குளிர் தெரிந்ததே இல்லை. சேலைக்கு மேல் ஒரு மழைக்கோட்டோடுதான் மூன்று நாளும் நின்றாள். வெளுத்தது விரல். அதனால் விரலுக்கே உடுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் வீடு தெருக் குழாயில் கடைசி. மேல்நிலைத் தொட்டியில் நீர் இறங்கிய நாளில் முதல் நாலைந்து வீட்டோடு தண்ணீர் நின்றுவிடும். கடைசி வீட்டில் எத்தனை நல்ல குழாய் மாட்டினாலும் சொட்டாது. அது குழாயின் குற்றம் இல்லை.

உடம்பு முதலில் நெஞ்சைக் காக்கும். அங்கே சூடு குறையத் தொடங்கினால், நமக்குத் தெரியுமுன்பே, கைக்குப் போகிற ரத்தத்தைச் சுருக்கிவிடும். விரல்கள் கடைசி வீடு.

நான்காம் நாள் ரவிக்கைக்கு மேல் இரண்டு கம்பளி பனியன் போட்டாள். அதற்கு மேல் சேலை, மழைக்கோட்டு. கையில் மெல்லிய பழைய கையுறை ஒரு ஜோடி.

பன்னிரண்டு கடந்தது.

இருபது.

"அரை மணி ஆச்சு. வாங்க அக்கா, சோறு ஆறுது."

"நீ சாப்பிடு. வாரேன்."

டெரன்ஸ் வர நேரமாகலாம். ரொட்டி வேகாமல் இருக்கலாம். மேலாளர் கூப்பிட்டிருக்கலாம். நாற்பது வரை நின்றாள்.

பிறகு வலது கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள். தன் நெற்றிக்குச் சற்று மேலே, டெரன்ஸின் கன்னம் வரும் உயரத்தில், காற்றில், உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தாள்.

புதிதாக எண்ணத் தொடங்கினாள்.

ஜெசிந்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோற்றைப் பிசைந்த கையோடு நின்று பார்த்தாள்.

மாலையில் வீட்டில் அவள் தடித்த கையுறைகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை மூடினாள். மகனுக்கு எழுதி அனுப்பினாள்.

நெஞ்சுக்கு இரண்டு கம்பளி பனியன். கைக்கு ஒரு ஜோடி மெல்லிய கையுறை. நாற்பது நிமிடம் நிற்கலாம். அதற்கு மேல் ஆறு நிமிடம் வலது கை வெறுமனே இருக்கலாம்.