பிழைப் பட்டியல்

சொந்தச் செலவில் நாவல் அச்சிடும் அந்தப் பெண், நான்காவது நாவலின் கட்டோடு தபால்காரர் வீட்டு மணியை அடித்தாள். அவளுடைய முதல் நாவலைத் தானாகவே கேட்டு வாங்கிப் பிழை திருத்திக் கொடுத்த வாசகர் அவர். அன்றிலிருந்து இந்த வீட்டில் காட்டாமல் அவள் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

“அண்ணன் இருக்காரா அண்ணி?”

“வெளியூர் போயிருக்காரும்மா. கொடு, வந்ததும் பார்க்கச் சொல்றேன்.”

“போன தடவையும் வெளியூர்தான். அண்ணன் கால்ல சக்கரமா கட்டியிருக்கார்?”

“அவர் எங்க சுத்தினா உனக்கென்ன? பத்து நாள்ல பட்டியல் வந்துடும், போ.”

கதவைச் சாத்திவிட்டு, அண்ணி சிவப்புப் பேனாவோடு மேசையில் உட்கார்ந்தாள். கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. சொன்னால் இந்தப் பெண் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாள். அப்புறம் இந்த வீட்டுக்குப் படிக்க ஒரு பக்கம்கூட வராது.

முதல் தாளில் நன்றியுரை இருந்தது.

‘முதல் நாவலின் எழுத்துப் பிழைகளைத் திருத்திய, மறைந்த அண்ணனுக்கு நன்றி. அடுத்த இரண்டு நாவல்களிலும், “நாற்பதாம் பக்கத்தில் காயப்போட்ட துணியை உன் கதாநாயகி இன்னும் எடுக்கவில்லை” என்றெல்லாம் எழுதி, கதையையே திருத்திய அண்ணிக்கு இந்தப் புத்தகம்.’

அண்ணி போனை எடுத்தாள். அந்தப் பெண்ணை அழைத்தாள்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏண்டி கேட்கலை?”

“கேட்டா நீங்க நிறுத்திடுவீங்களோன்னு பயம் அண்ணி. எனக்கு வேற யார் இருக்கா?”

“நிறுத்தறதாவது! முதல்ல அந்த ‘மறைந்த’ங்கிற வார்த்தையை எடு.”