விழாத வீடு

யூனிஸ் கண் விழித்தபோது ஜெபம் முடிந்திருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருமுல்கேரியில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, சர்ச்சின் கமிட்டி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் பிளஸ்ஸனும் மாமியாரும். இந்தப் பக்கம் அவளும் அப்பா கொர்னேலியஸும். நடுவில் பாஸ்டர்.

உதட்டோரம் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

முன்பென்றால் கேட்டிருப்பாள். வகுப்பில் கேட்டிருக்கிறாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டிருக்கிறாள், தன் கல்யாண வரவேற்பில் மேடையிலேயே கண்ணயர்ந்துவிட்டு வந்தவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில்தான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து, ராத்திரித் தூக்கத்தையும் பகல் தூக்கத்தையும் அளந்து பார்த்த டாக்டர் நிதானமாகச் சொன்னார். மூளையில் ஓரெக்சின் என்று ஒரு ரசாயனம் உண்டு. மனிதரை விழித்திருக்க வைப்பது அது. அதைச் சுரக்கிற செல்கள் அவளுக்கு அநேகமாக அழிந்துபோய்விட்டன. தூக்கம் எந்த நேரமும் உள்ளே வந்துவிடும். சில சமயம் தூக்கத்தில் வரவேண்டிய உடல் தளர்ச்சி மட்டும், முழித்திருக்கும்போதே வந்து ஆளைச் சாய்த்துவிடும்.

சோம்பேறித்தனம் இல்லையா டாக்டர் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று அவரும் சலிக்காமல் சொன்னார்.

பிளஸ்ஸன் அதை நம்பவில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டும், சனத்நகர் கம்பெனி வேலையை விட வேண்டும், நோய் என்று சொன்னது பொய் என்று பாஸ்டர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவள் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்றான்.

அவனிடம் ஓர் ஆதாரம் இருந்தது.

போன மாதம் பேகம்பேட்டில் தன் வேலையிடத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி, அவளைக் கூட்டிப்போக அவள் ஆபீஸுக்குப் போயிருந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி பார்த்தான். யூனிஸின் தலை தொங்கியது. முழங்கால் மடிந்தது. பக்கத்தில் இருந்த, கூட வேலை பார்க்கும் ரோஸ்லின் பதறாமல், பழகிய கையோடு அவளைத் தாங்கி நாற்காலியில் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் யூனிஸ் எழுந்து தண்ணீர் குடித்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விசாரித்தால், இங்கே அடிக்கடி இப்படித்தான், நாங்கள் பிடித்துக்கொள்வோம் என்றார்களாம்.

"எங்க வீட்டுல இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது விழுந்திருக்காளான்னு கேளுங்க பாஸ்டர். தூங்குவா, ஹவ், ஆமா, அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா விழமாட்டா. ஆபீஸ்ல மட்டும் விழுவாளாம். கைக்கு? எதுக்கு இந்த டிராமா?"

மாமியாரும் தலையாட்டினாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கிச்சனிலோ ஹாலிலோ மொட்டைமாடியிலோ, ஒருநாளும் இந்தப் பெண் கால் மடங்கி விழுந்து தான் பார்த்ததில்லை என்றாள்.

பாஸ்டர் மெடிக்கல் ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, வீட்டில் விழுந்ததே இல்லையாம்மா என்று கேட்டார்.

கொர்னேலியஸ் மேஜைக்கடியில் மகளின் கையைப் பிடித்து அழுத்தினார். நக்கோ, வேண்டாம் என்று முணுமுணுத்தார். சின்ன வயதிலிருந்து அவளைத் தாங்கிப் பிடித்தவர் அவர். பதில் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் சேர்த்துவைக்க ஒன்றும் இருக்காது என்றும் தெரியும்.

யூனிஸ் கையை விடுவித்துக்கொண்டாள்.

மாத்திரையை நிறுத்தமாட்டேன் என்றாள். நாளைக்குக் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போவேன் என்றாள். அடுத்த ஞாயிறும் ஜெபத்தின் நடுவில் தூக்கம் வரலாம், கர்த்தருக்குக் காரணம் தெரியும், வேறு யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை என்றாள்.

சொல்லச் சொல்லக் குரல் ஏறும் என்று அவளே நினைத்திருந்தாள். ஏறவில்லை.

"அவங்க வீட்டுல நான் விழுந்ததே இல்ல. அது உண்மைதான் பாஸ்டர். பயந்தா நான் விழமாட்டேன். அழுதாலும் விழமாட்டேன். எனக்கு வயிறு குலுங்கச் சிரிச்சாத்தான் கை கால் விட்டுப்போகும்."

வெளியே பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

பாஸ்டரின் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு யூனிஸ் எழுந்தாள்.

பிளஸ்ஸன் எழவில்லை. நெற்றியைச் சுருக்கி, அந்த இரண்டு வருடங்களில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவள் கதவைத் திறந்து வெளியே போனபோதும் தேடிக்கொண்டுதான் இருந்தான்.