ஆடாத ஆட்டத்தில் ஒரு கோல்

கல்லூரிக் கால்பந்து லீக்கில் இப்போது அறுபத்துநான்கு அணிகள். எல்லோரும் எல்லோருடனும் மோத நாட்கள் போதாது. அதனால் ஓர் அணிக்கு எட்டு ஆட்டங்கள் மட்டும் மைதானத்தில். மீதியைக் கணினியே ஆடி முடிவு சொல்லிவிடும். இந்த ஆண்டு புது அட்டவணையில், ஷைனியின் கல்லூரி பக்கத்து ஊர்க் கல்லூரியுடன் மோதவேண்டிய ஆட்டமும் கணினிக்குப் போய்விட்டது. ஒரு கோலில் தோல்வி. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் கோல்கீப்பர் ஷைனி பந்தைத் தவறவிட்டதாகப் பதிவாகியிருந்தது.

அந்த நேரத்தில் ஷைனி பொருளாதாரத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

"கையில எண்ணெ தேச்சிட்டா நின்ன மக்களே?" என்று கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர் சிரித்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கவிருந்த அடுத்த ஆட்டத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்.

"நான் அன்னைக்கு ஆடவே இல்லியே சார்."

"உன் பேருக்கு நேரா அந்தக் கோல் இருக்கே. நான் என்ன செய்ய?"

சாயங்காலம் மீன்வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பந்து எந்தப் பக்கமா வந்திச்சு மக்களே?"

பத்து நாளாக எல்லோரிடமும் மறுத்துவந்தவள் சற்று யோசித்தாள்.

"எடது பக்கம்பா. தாழ வந்திச்சு. நான் கொஞ்சம் முந்திப் பாஞ்சிருக்கணும்."