யாரோ வேண்டிக்கொண்ட கரும்பு

‘படக்.’

கரும்பு முறிந்த அந்தச் சத்தம் தங்கம்மாளின் காதை விட்டுப் போகவேயில்லை. மகள் வினோதினி கைக்குழந்தையாக இருந்தபோது, தேர் அன்று, மாடவீதியில் கேட்டது.

பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் கரும்பில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைப் போட்டு அண்ணாமலையார் கோயிலைச் சுற்றுவார்கள். புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால். அன்று மேற்குக் கோபுரமான பேகோபுரம் தாண்டித் திரும்பும் முனையில் கரும்பு முறிந்தது. தங்கம்மாள் துணியோடு சேர்த்து அள்ளிய கையில் குழந்தை சிரித்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“பூச்சி அடிச்ச கரும்பு. சாமி ஒண்ணும் ஒடிக்கல” என்றார் தங்கம்மாளின் புருஷன் தசரதன்.

அவர் அக்கா கன்னியம்மாள் விடுவதாயில்லை. வினோதினி தன்னோடு வேலை பார்த்த அருள்ராஜைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டபோது, “அன்னிக்கே கரும்பு சொல்லுச்சு” என்றாள். வருஷக்கணக்கில் குழந்தை இல்லாதபோதும் அதையேதான் சொன்னாள். அவளிடம் மட்டும் கரும்பு பேசிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாகக் கவிநிலா பிறந்தாள். தேருக்குச் சில நாள் முன்பு அருள்ராஜ் செங்கத்திலிருந்து போன் செய்தான்.

“கரும்புத் தொட்டில் எடுக்கலாம்னு இருக்கோம், அத்தை. எங்கம்மாவும் வராங்க.”

தங்கம்மாளுக்கு அந்தப் ‘படக்’ மறுபடி கேட்டது. அவள் கரும்புத் தொட்டிலுக்கு வேண்டிக்கொள்ளவில்லை. மகள்தான் வேண்டியிருப்பாள். அதற்கு மாமியாரை வேறு இழுத்துக்கொண்டு வருகிறாள்.

தேர் அன்று அருள்ராஜ் முன்னால், வினோதினி பின்னால். மூன்று கரும்பைச் சேர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் அருள்ராஜின் அம்மா ஆரோக்கியமேரி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தொட்டிலையே பார்த்தபடி நடந்தாள்.

கன்னியம்மாள் வீதிக்கே கேட்கப் பேசினாள். “சர்ச்சுக்குப் போற புள்ளைய நம்ம சாமிக்குக் கரும்பு தூக்க வெச்சிட்டியே, தங்கம்மா. நீ பலே ஆளு. கெட்டியாத்தான் வேண்டியிருக்க.”

‘நான் வேண்டல’ என்று தங்கம்மாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாத்தனார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை இப்போதுதான் வருகிறது. அதைக் கெடுப்பானேன்.

“மெதுவா அண்ணி. அவங்க காதுல விழுது.”

“விழட்டுமே. மூஞ்சியப் பாரு, பல்லு வலி வந்த மாதிரி.”

“அந்தம்மா இந்த வெயில்ல வெறுங்கால்ல நடக்குது, அக்கா. நீதான் செருப்பு மாட்டிக்கினு வர” என்றார் தசரதன்.

ஆரோக்கியமேரி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பேச்சே இல்லாமல் கிடந்த வருஷங்கள் போய், இப்போதுதான் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து. இன்றைக்கு இந்தம்மா மனம் கசந்து போனால், மகளும் பேத்தியும் இனி இந்தப் பக்கம் வருவார்களா?

தங்கம்மாள் மகளின் காதருகே போனாள். “உன்ன யாருடி இதையெல்லாம் வேண்டச் சொன்னது?”

“நானா? நீதான்னு நெனச்சேன். நான் டாக்டரத்தான் நம்புனேன்.”

பேகோபுரத்து முனை வந்துவிட்டது. தங்கம்மாளின் கண் கரும்பை விட்டு அகலவில்லை. பெற்றவளுக்கு, பிள்ளை எத்தனை வயதானாலும் முறியப்போகிற கரும்பில்தான் தொங்குகிறது.

அப்போது ஆரோக்கியமேரி சட்டென்று நெருங்கி, தொட்டிலுக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டாள்.

“இங்கதானே முறிஞ்சுது, சம்பந்தி?”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“வினோதினிதான். இதையே சொல்லிச் சொல்லி அழுவும். மனசு கேக்கல. அன்னிக்கு முறிஞ்சத நான் முழுசா சுத்தி வெக்கறேன், இவளுக்கு ஒரு புள்ளையக் குடுன்னு உங்க அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கிட்டேன். எங்க மாதாவுக்கு என் மூஞ்சப் பாத்துப் பாத்து அலுத்திருக்கும்.” குரலைத் தாழ்த்தினாள். “எங்க சர்ச்சு ஆளுங்க காதுக்குப் போவக்கூடாது. அதான் அருளையும் சொல்லாதன்னுட்டேன்.”

முனை திரும்பியாயிற்று. கரும்பு முறியவில்லை. கன்னியம்மாள் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தங்கம்மாளும் தொட்டிலுக்கு அடியில் கை கொடுத்தாள்.

“சம்பந்தி, இங்கேர்ந்து வேளாங்கண்ணிக்கு நேரா பஸ் இருக்கா?” என்றாள் தங்கம்மாள்.

“எதுக்கு?”

“எங்க அண்ணாமலையாரு காது குடுக்கற மாதிரி தெரியல. அதான் குழந்தை உயரத்துக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்னு உங்க மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். அண்ணிக்குத் தெரியாது. சீக்கிரம் போவணும், இது மாசத்துக்கு மாசம் வளருது.”

போக வாய்த்தபோது கவிநிலா எல்.கே.ஜி.யில் சேர்ந்திருந்தாள். அங்கே விலை ஜாஸ்தி என்று இங்கேயே வாங்கிய மூன்றடி மெழுகுவர்த்தியை, வழி நெடுக மடியில் கிடத்திக்கொண்டு போனவர் தசரதன்.