இருபத்தாறு சுற்று

முந்நூறு சுற்றுள்ள செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இரும்பு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. காந்தப்புலத்தை வரைந்து பார்த்து, சுருளுக்கு இருக்க வேண்டிய மின்தூண்டல் அளவு பத்து என்றது கணினி. மீட்டர் அளந்து காட்டியதோ பன்னிரண்டு.

“உனக்குச் சுற்று அதிகம்ப்பா, கொஞ்சம் கழற்று,” என்றது கணினி.

வெட்டிய கம்பி திரும்ப ஒட்டாது என்று சுருளுக்குத் தெரியும். “கீழே இரும்பு இருக்கே அண்ணே, அதுதான் ஏத்திக் காட்டுது. அதையும் கணக்கில் சேர்த்தீங்களா?”

“என் படத்தில் உன்னைச் சுற்றி வெறும் காற்றுதான். மேசை, நாற்காலி எல்லாம் போட்டால் கணக்கு என்றைக்கு முடிவது?”

சுருள் மீட்டரைப் பார்த்தது.

“என்னை எதுக்கு இழுக்கிறே? நான் பார்த்ததைச் சொல்றவன்,” என்றது மீட்டர்.

பத்துச் சுற்று போயிற்று. போதாதாம். மறுபடி வாதாடச் சுருளுக்குத் தெம்பில்லை. “எடுத்துக்குங்க,” என்று இன்னும் பதினாறைக் கொடுத்தது. மீட்டர் பத்தைத் தொட்டதும் கணினிக்குப் பரம திருப்தி.

பிறகு சுருளைத் தூக்கி, அது வேலை பார்க்க வேண்டிய மரப்பெட்டிக்குள் பொருத்தினார்கள். மீட்டர் எட்டரையைத் தாண்டவில்லை.

“என்னப்பா இது, இவ்வளவு குறைச்சலாகவா வந்தாய்?” என்று சலித்துக்கொண்டது கணினி.

“வரும்போது சரியாத்தான் இருந்தேன் அண்ணே,” என்றது சுருள்.