ஒன்றரைக் காணித் தரிசு

“மூணு வருஷமா ஒங்க மண்ணுல மட்டும் எப்பிடிக்கா உப்பு கொறையாம இருக்கு?”

கேட்டுக்கொண்டே வெண்மதி, ஞானமேரி கொடுத்த மண் மாதிரிப் பையை வரப்பில் கொட்டினாள். மண்ணோடு நாலைந்து கல்லுப்பும் உருண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்!

ஞானமேரி உப்புக் கல்லைக் காலால் ஒதுக்கினாள். அவள் புருஷன் மரியலூர்து, வயலுக்குள் டிராக்டர் இறங்கும் வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தான்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்துச் சின்ன ஊர் அது. சுனாமி அன்று எண்பது ஏக்கரில் கடல் புகுந்து அத்தனையும் தரிசாகிப் போனது. வேளாண்மை உதவி அலுவலராக வெண்மதி வந்த பிறகு ஊரே சேர்ந்து உப்பை முறிக்க ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைத்தண்ணீரைக் கட்டி வடித்து, ஏக்கர் ஏக்கராக மீட்டார்கள். இந்த 2007 ஆடியில் எல்லா வயலும் விதைப்புக்குத் தயார். மிச்சம் இந்த ஒன்றரைக் காணிதான். அதையும் சேர்த்துவிட்டால் தரிசே இல்லை என்று அவள் அறிக்கை அனுப்பிவிடலாம்.

வெண்மதி செருப்போடு வயலுக்குள் இறங்கினாள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

“சப்புன்னு இருக்கு. பக்கத்து வயலவிட நல்ல மண்ணு. யார ஏமாத்துறீங்க?”

ஞானமேரி வரப்பை விட்டு இறங்கவில்லை. “தரிசாவே கெடக்கட்டும்னு எழுதிடுங்க மேடம். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“எதுக்கு? லாயக்கில்லாத நெலம்னு காயிதத்தக் காட்டி எறால் பண்ணைக்கு விக்கறதுக்கா? இந்தப் பக்கம் நெல்லு வெளஞ்ச மண்ணு எவ்ளோ அப்பிடிப் போயிடுச்சி தெரியுமா?”

“மாதா சத்தியமா விக்க மாட்டோம் மேடம்!”

“அப்ப சோத்துக்கு என்ன பண்றீங்க?”

“அவுரு கடலூரு ஹார்பருல மூட்ட தூக்குறாரு. நான் நண்டு கம்பெனிக்குப் போறேன்.”

வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த நிலத்தைப் போட்டுவிட்டு மூட்டை தூக்கப் போகிறார்களாம்!

“உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும். சர்க்கார் செலவுல நானே உழுது குடுக்கறேன். தேவநாதண்ணே, டிராக்டர எறக்குங்க!”

டிராக்டர் உறுமியது. மரியலூர்து அப்படியே வழியில் குறுக்கே படுத்துவிட்டான். தேவநாதன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

“ஐயோ, வேணாம்மா!” ஞானமேரி வரப்பில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

“சுனாமி அன்னைக்கித் தண்ணி வடிஞ்சப்ப இதுல மூணு புள்ளைங்க கெடந்துதும்மா. யாரு பெத்ததோ, எந்த ஊரோ. நாய்ங்க வேற வந்துடுச்சி. மனசு கேக்காம நாங்களே குழி வெட்டிப் பொதச்சோம். பெத்தவங்க தேடிக்கினு வந்தா காட்டணும்னு குச்சி நட்டு வெச்சோம். அடுத்த மழையில குச்சியெல்லாம் போயிடுச்சி. வெளிய சொன்னா வயல் முழுக்கத் தோண்டுவாங்கன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. இப்ப எந்த எடம்னு எங்களுக்கே தெரியலம்மா!”

வெண்மதி நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினாள். வரப்பு நாலடி தூரம்தான். காலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.